டோட்டல் கவுன்ட் 15,400. “சுவரில் ஒட்டியிருந்தது இறங்கிவிட்டது” என்கிறார் டாக்டர். எந்தச் சுவர்?

வேனில்

எல்லோருக்கும் வணக்கம். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். உயிரியலைப் பள்ளியோடு விட்டாயிற்று. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆஸ்துமா உண்டு. போன வாரம் இழுப்பு அதிகமானதால் டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மி.கி. ஐந்து நாளைக்கு எழுதினார். மூன்றாம் நாள், வேறு காரணத்துக்காக முன்பே எழுதிக் கொடுத்திருந்த ரத்தப் பரிசோதனையைப் போய்ச் செய்துகொண்டேன். வெள்ளையணு டோட்டல் கவுன்ட் 15,400 என்று தடித்த எழுத்தில் வந்தது, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. வெள்ளையணு வகைகளில் நியூட்ரோஃபில் 84 சதவீதம், இயோசினோஃபில் 0. காய்ச்சல் இல்லை. சளியின் நிறம் மாறவில்லை. இழுப்புகூட அடங்கிவிட்டது. ஆனால் அந்த அம்புக்குறி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் டாக்டரைப் போனில் பிடித்தேன். அவசரத்தில் இருந்தார். “ஸ்டீராய்டு எடுக்கிறீங்க இல்ல? சுவர்ல ஒட்டிக்கிட்டு இருந்ததெல்லாம் இறங்கி ரத்தத்துக்கு வந்திருக்கு. பயப்படாதீங்க, கோர்ஸை முடிங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். பயம் போயிற்று, குடைச்சல் வந்தது. எந்தச் சுவர்? ரத்தம் அத்தனை வேகமாக ஓடும் குழாயில் ஓர் அணு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? கையில் முள் குத்தினால் அங்கேதான் போக வேண்டும், காலுக்குப் போகக் கூடாது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.

இரவுப்பணி

டாக்டர் சொன்னது சரி. நான் லேபில் ஸ்லைடு பார்க்கிற ஆள், என் பக்கத்துக் கதையை மட்டும் சொல்கிறேன்.

கை நரம்பிலிருந்து நாங்கள் எடுக்கும் ரத்தத்தில், ஓட்டத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் அணுக்கள்தான் வரும். ஓரமாகச் சுவரைத் தடவிக்கொண்டும் நுண்ணிய குழாய்களில் தங்கிக்கொண்டும் இருப்பவை ஊசிக்குள் வராது. நியூட்ரோஃபில்களில் ஏறக்குறைய பாதி எப்போதுமே அப்படி ஓரங்கட்டி இருப்பவைதான். அவை இடத்தை விட்டு நகர்ந்தால் போதும், உடம்பில் ஓர் அணுகூடப் புதிதாகப் பிறக்காமலே கவுன்ட் ஏறிவிடும். வீறிட்டு அழுத குழந்தை, ஓடி வந்தவர், வலிப்பு வந்தவர் எல்லோருக்கும் நிமிடக் கணக்கில் ஏறும். அது அட்ரினலின் செய்கிற வேலை. ஸ்டீராய்டில் இன்னும் இரண்டு சேர்ந்துகொள்ளும்: எலும்பு மஜ்ஜை சேமிப்பிலிருந்து கொஞ்சம் அவிழ்த்து விடும், ரத்தத்தில் இருக்கும் நியூட்ரோஃபிலும் வழக்கத்தைவிட அதிக நேரம் தங்கும்.

தொற்றா, மாத்திரையா என்று ஸ்லைடில் ஓரளவு தெரியும். தொற்று என்றால் பக்குவமாகாத இளம் நியூட்ரோஃபில்களும் வரத் தொடங்கும், சிலவற்றில் கரடுமுரடான கருந்துகள்கள் தெரியும். ஸ்டீராய்டு என்றால் பெரும்பாலும் நன்றாகப் பழுத்த, கரு மூன்று நான்கு துண்டாகப் பிரிந்தவைதான் இருக்கும். உங்கள் இயோசினோஃபில் 0 என்பதே பாதி பதில். ஆஸ்துமாக்காரருக்கு அது சாதாரணமாகக் கொஞ்சமாவது இருக்கும், ஸ்டீராய்டு போனதும் காணாமல் போகும்.

எதைப் பிடித்து நிற்கிறது என்பதெல்லாம் எனக்கு மேலே. ‘நுண்ணோக்கி’ அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் சொல்வார்.

நுண்ணோக்கி

வந்தேன். இந்தக் கேள்விக்கு நான் ஆறு வருடம் கொடுத்திருக்கிறேன். நீளமாகப் போகும், தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

முதலில் சுவர். தமனியை மறந்துவிடுங்கள், அங்கே ஓடுகிற வேகத்தில் எதுவும் நிற்காது. தந்துகி வலையைத் தாண்டியதும் ரத்தம் போய்ச் சேரும் நுண்சிரைகள்தான் களம். குறுக்களவு 20 முதல் 50 மைக்ரான், தலைமுடியைவிடச் சன்னம். நியூட்ரோஃபில் 8 மைக்ரான் இருக்கும். தந்துகிக்குள் அது தன்னைக் குறுக்கிக்கொண்டு அடைத்தபடி வரும், பின்னால் சிவப்பணுக்கள் வரிசைகட்டி நிற்கும். குழாய் அகலமானதும் பொறுமை இழந்த அந்தச் சிவப்பணுக்கள் பக்கவாட்டில் முந்திப் போகும். முந்துகிற போக்கில் வெள்ளையணுவைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டுப் போகும். ஆக, சுவரைத் தொடுகிற முதல் வேலையை வெள்ளையணு தானாகச் செய்வதே இல்லை.

நான் இதை முதலில் பார்த்தது எலியின் மெல்லிய தசை ஒன்றில், உயிரோட்டத்தோடு, நுண்ணோக்கி வழியாக. நடுவில் சிவப்பணுக்கள் தனித்தனியாகத் தெரியவே இல்லை, ஒரே கோடாக இழுபட்டன. ஓரத்தில் மட்டும் ஒரு வெளிறிய உருண்டை, விட்டு விட்டு உருண்டுகொண்டிருந்தது. கொஞ்சம் உருளும், தயங்கும், சட்டென்று ஒரு தாவல், மறுபடி தயக்கம். பக்கத்தில் ரத்தம் ஒரு வினாடிக்கு ஆயிரம் மைக்ரானுக்கு மேல் ஓடும்போது இது பத்து, இருபது மைக்ரான்தான் நகரும். அன்று மதியம் முழுக்க ஒரே குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவு பட்டனை அழுத்தவே மறந்துவிட்டேன்.

புதிதாக எதையும் நான் பார்த்துவிடவில்லை. 1867-இல் ஜூலியஸ் கோன்ஹைம் தவளையின் குடல்தாங்கிச் சவ்வைக் கண்ணாடி மேல் விரித்து வைத்து இதைத்தான் பார்த்தார்: அணுக்கள் ஓரம் கட்டின, ஒட்டின, பிறகு குழாயைத் துளைத்து வெளியே வந்தன. சீழில் இருக்கும் செல்கள் ரத்தத்திலிருந்து வந்தவை என்று அவர் சொன்னார். அவை அந்த இடத்துத் திசுவிலேயே உருவாகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவருடைய ஆசான் ஃபிர்கோ. குருவை மறுக்க ஒரு தவளை போதுமானதாக இருந்தது.

சரி, எதைப் பிடிக்கிறது? ‘ஒட்டுகிறது’ என்ற சொல் பசையை நினைவூட்டுகிறது, அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். பசையில் பட்டால் அப்படியே நின்றுவிட வேண்டும், உருள முடியாது. இங்கே இருப்பது நொடிக்குள் பிடித்து நொடிக்குள் விடுகிற கைகள். அந்தக் கைகளின் பெயர் செலெக்டின். மூன்று வகை. சுவரிலிருந்து நீள்பவை பி-செலெக்டினும் இ-செலெக்டினும். வெள்ளையணுவிலிருந்து நீள்வது எல்-செலெக்டின். எதிரில் இருப்பவரின் புரதத்தில் தொங்கும் ஒரு சர்க்கரைக் கொத்தைத்தான் இவை பிடிக்கின்றன. அந்தக் கொத்துக்கு சயாலில் லூயிஸ் எக்ஸ் என்று பெயர். பேர்தான் பயமுறுத்தும், நான்கே நான்கு சர்க்கரைகள் கோத்த ஒரு முனை அது.

வெள்ளையணுவை வழுவழுப்பான பந்தாக நினைக்காதீர்கள். மேலெல்லாம் சுணை முளைத்த மாதிரி இருக்கும். அந்தச் சுணைகளின் நுனியில்தான் சர்க்கரைக் கொத்தைச் சுமக்கும் புரதம் குவிந்திருக்கிறது. குழாய்ச் சுவர் மேல் பாசி படர்ந்தது போல ஒரு படலம் வேறு இருப்பதால், நுனியில் இருப்பதுதான் முதலில் கைக்கு எட்டும்.

இனி உங்கள் முள். முள் குத்திய இடத்தில் திசுவிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். பக்கத்து நுண்சிரையின் உட்சுவர் செல்களுக்குள் குச்சி குச்சியாகச் சில பைகள் எப்போதும் தயாராக இருக்கும். 1964-இல் வைபெல், பலாடி என்ற இருவர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு எழுதியதால் அவர்கள் பெயரே அவற்றுக்கு. பி-செலெக்டின் இதற்குள்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஹிஸ்டமின் பட்டதும் பைகள் மேற்பரப்போடு போய்க் கலந்து, சில நிமிடங்களில் சுவரில் கைகள் முளைத்துவிடும். இ-செலெக்டினை அப்படி எடுத்து நீட்ட முடியாது, ஜீனிலிருந்து புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். காலில் உள்ள நுண்சிரைக்கு முள் விஷயமே தெரியாது, அங்கே கை நீளாது. அணு உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, எங்கே கை நீள்கிறதோ அங்கே மாட்டுகிறது. வழி தெரிய வேண்டியது அணுவுக்கு இல்லை, கூப்பிடத் தெரிய வேண்டியது சுவருக்கு.

இப்போது என் அசட்டுத்தனங்கள் இரண்டு.

எங்கள் சோதனை இப்படி: கண்ணாடித் தட்டின் அடியில் செலெக்டினைப் பூசுவோம், மேலே தட்டையான ஒரு சிறு கால்வாய், சிரிஞ்ச் பம்ப் ஒன்று வெள்ளையணுக் கரைசலை ஒரே சீராக இழுக்கும். கீழே கேமரா. நியூட்ரோஃபில் சீக்கிரம் வாடிப்போகும் சரக்கு, அதனால் காலையிலேயே என் கையிலிருந்து 20 மில்லி எடுத்துப் பிரித்து மதியத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு நாள் எல்லாம் தயார், பம்ப் ஓடுகிறது, ஓர் அணுகூட மாட்டவில்லை. புதிதாகத் தட்டு பூசினேன், மாட்டவில்லை. மறுபடி ரத்தம் எடுத்தேன், மாட்டவில்லை. மாலை ஆறு மணிக்குத்தான் உறைத்தது, கரைசலில் கால்சியம் சேர்க்கவில்லை. செலெக்டின் சர்க்கரையைப் பிடிக்க நடுவில் ஒரு கால்சியம் அயனி இருந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் கை இருந்தும் விரல் மடங்காது. இரண்டு முறை ஊசி குத்திய தழும்பை எங்கள் வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் இரக்கப்படவில்லை.

இரண்டாவது இதைவிட முக்கியம். எல்-செலெக்டின் பிடிக்கும் புரதத்தைத் தட்டில் பூசியிருந்தேன். அணுக்கள் அழகாக உருண்டன. இன்னும் கிட்டத்தில் நிதானமாகப் பார்க்கலாமே என்று பம்ப் வேகத்தைக் குறைத்தேன். வேகம் குறைந்தால் பிடி இன்னும் நன்றாக விழும் என்றுதானே நினைப்போம்? ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்து போய்விட்டன. பம்பில் காற்றுக்குமிழி புகுந்துவிட்டது என்று நினைத்துக் குழாயெல்லாம் கழற்றி மாட்டினேன். வேகத்தை ஏற்றினால் உருள்கின்றன, இறக்கினால் விழுகின்றன. எனக்கு மூத்தவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “பம்ப் நல்லாத்தான் இருக்கு, இது 1996-லயே எழுதினது, படிக்கலையா?” என்று போய்விட்டார்.

சுருக்கு முடிச்சை நினைத்துக்கொள்ளுங்கள். தொளதொளவென்று கிடந்தால் கழன்றுவிடும், இழுத்தால் இறுகும். செலெக்டின் பிடி அந்த ஜாதி. 2003-இல் பி-செலெக்டின் பிடி ஒன்றை ஒற்றை மூலக்கூறு அளவில் இழுத்து அளந்தார்கள். மெல்ல இழுக்கும்போது பிடி நீடிக்கும் நேரம் கூடியது, ஒரு எல்லைக்கு மேல் இழுத்தால்தான் குறையத் தொடங்கியது. “அத்தனை வேகத்தில் எப்படி நிற்கும்?” என்று கேட்டீர்கள். ஓட்டம்தான் பிடியையே இறுக்குகிறது. ரத்தம் தேங்கிய இடத்தில் அணுக்கள் காரணமில்லாமல் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும் இது உதவும் என்பது என் ஊகம், அவ்வளவுதான்.

உருண்டால் மட்டும் போதாது, நிற்க வேண்டும். அதற்கு வேறு கை. வெள்ளையணுவின் மேல் இன்டெக்ரின் என்று ஒரு குடும்பம் உண்டு. அதில் எல்.எஃப்.ஏ-1 என்பது சாதாரண நேரத்தில் முழங்காலை மடக்கிக் குப்புறப் படுத்திருக்கும். காயத்திலிருந்து கசியும் கீமோகைன்கள், அதாவது வெள்ளையணுவுக்குச் செய்தி சொல்லும் புரதங்கள், ரத்தத்தில் அடித்துப் போகாமல், சுவரின் சர்க்கரை நூல்களில் சிக்கிக்கொண்டு அங்கேயே நிற்கும். உருண்டு வரும் அணு அவற்றைத் தடவியபடிதான் வரும். தடவியதும் உள்ளே செய்தி போய், டாலின், கிண்ட்லின் என்ற புரதங்கள் இன்டெக்ரினின் வாலைப் பிடிக்க, மடங்கியிருந்தது நிமிர்ந்துவிடும். ஒரு வினாடிகூட ஆகாது. நிமிர்ந்த கை சுவரில் உள்ள ஐகேம்-1 என்ற புரதத்தைப் பிடித்தால் உருளல் சட்டென்று நிற்கும். பார்க்க அத்தனை திடுக்கென்று இருக்கும், யாரோ தோளில் கை வைத்தது போல.

செலெக்டின் இல்லாமல் இன்டெக்ரின் மட்டும் இந்த வேலையைச் செய்யாதா? 1991-இல் லாரன்ஸ், ஸ்பிரிங்கர் இருவரும் செயற்கைப் படலத்தில் இதைச் சோதித்தார்கள். பி-செலெக்டின் மட்டும் இருந்தபோது அணுக்கள் உருண்டன, நிற்கவில்லை. ஐகேம்-1 மட்டும் இருந்தபோது ஓட்டத்தில் எதுவும் மாட்டவே இல்லை. இரண்டையும் வைத்து, அணுவை உசுப்பும் பொருளையும் கொடுத்தபோதுதான் உருண்டு வந்து நின்றன. நான் அந்தத் துறைக்குப் போனதே அந்தக் கட்டுரையைப் படித்துத்தான்.

நின்ற அணு தட்டையாகிச் சுவரில் ஊர்ந்து, இரண்டு உட்சுவர் செல்களுக்கு இடையில் பிதுங்கி வெளியேறும். அது தனிக் கதை.

வேனில்

அண்ணா, இரண்டு முறை படித்தேன். பம்ப் கதையில் சிரித்துவிட்டேன்.

ஆனால் புதுப் பயம் கிளம்பிவிட்டது. கவுன்ட் நிறைய இருந்தும் அணுக்கள் சுவரில் நிற்கவில்லை என்றால், வெளியே இறங்கி வேலையும் செய்யாதுதானே? வங்கியில் பணம் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது என்கிற மாதிரி. இப்போது என் நிலைமை அதுவா?

செவிலி அக்கா

தம்பி, அந்த நிலைமை நிஜமாகவே உண்டு, ஆனால் உங்களுடையது அது இல்லை. பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்தபோது ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

பிறந்து 26 நாள் ஆன குழந்தை. தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. பொதுவாக ஒன்று, இரண்டு வாரத்தில் காய்ந்து விழுந்துவிடும். அதற்கு முன் காட்டிய இடத்தில் “சில குழந்தைகளுக்குத் தாமதமாகும்” என்று அனுப்பிவிட்டார்களாம். அதுவும் பொய்யில்லை, தாமதமாக விழும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் குழந்தைக்குத் தொப்புளைச் சுற்றி செக்கச்செவேல் என்று இருந்தது, காய்ச்சல், பால் குடிக்கவில்லை. கவுன்ட் 58,000. நான் டிரெஸ்ஸிங் மாற்றும்போது பஞ்சை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தேன். அவ்வளவு சிவப்புக்கு சீழ் வர வேண்டும். ஒரு சொட்டுகூட இல்லை. நீர் மாதிரி ஏதோ கசிந்தது. பஞ்சு கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தைப் பார்த்து டாக்டருக்கு முகம் மாறியது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

சீழ் என்பதே செத்துப்போன நியூட்ரோஃபில்தான் என்று பிறகு அவர் சொல்லித்தான் உறைத்தது. ரத்தத்தில் 58,000 இருந்தும் ஒன்றுகூட வெளியே வரவில்லை. சி.டி.18 என்ற புரதத்துக்குச் சோதனை அனுப்பினார்கள், கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வேறு இடத்துக்கு அனுப்பினோம். மூத்த பெண்ணின் மஜ்ஜை பொருந்தியது என்று அந்தத் தாய் போனில் அழுதுகொண்டே சொன்னார்.

நுண்ணோக்கி

அக்கா, ஆறு வருடம் கண்ணாடித் தட்டில் பார்த்ததை நீங்கள் ஒரு பஞ்சில் பார்த்திருக்கிறீர்கள்.

வேனில், சி.டி.18 என்பது நான் சொன்ன எல்.எஃப்.ஏ-1-இன் ஒரு பாதி. அது இல்லாத குழந்தைகளின் அணுக்கள் சுவரில் நன்றாக உருளும், நிற்கத்தான் முடியாது. அணு சுவரில் ஒட்ட முடியாத இந்தப் பிறவிக் குறையில் மூன்று வகை உண்டு, இது முதல் வகை.

இரண்டாம் வகையில் நேர் எதிர், உருளவே முடியாது. செலெக்டின் பிடிக்கும் சர்க்கரைக் கொத்தில் ஃபியூகோஸ் என்று ஒரு சர்க்கரை வேண்டும். அதைச் செல்லுக்குள் உரிய அறைக்குக் கொண்டுசேர்க்கும் புரதத்தில் பழுது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்தக் குழந்தைகளின் ரத்த வகை ‘பாம்பே’ என்று வரும், 1952-இல் அந்த ஊரில் முதலில் கண்டறியப்பட்ட அதே அபூர்வ வகை. காரணம் எளிது: ஏ, பி, ஓ ரத்த வகைகளுக்கு அடித்தளமான எச் பொருளுக்கும் ஃபியூகோஸ் வேண்டும். ஆனால் சாதாரண பாம்பே வகைக்காரர்களுக்கு எச் பொருளைச் செய்யும் நொதியில்தான் குறை, அவர்களின் வெள்ளையணுக்கள் நன்றாகவே உருளும். பாம்பே வகை உள்ளவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டாம்.

மூன்றாம் வகையில் இன்டெக்ரின் இருக்கும், நிமிராது. கிண்ட்லின்-3 பழுது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் இன்டெக்ரினும் நிமிராததால் ரத்தக்கசிவும் சேர்ந்து வரும்.

உங்கள் விஷயத்தில் எல்லாக் கைகளும் பத்திரமாக இருக்கின்றன. ஸ்டீராய்டு எல்-செலெக்டினைக் கொஞ்சம் குறைக்கும், சுவர் புதிதாகக் கை நீட்டுவதையும் அடக்கும். உங்கள் மூச்சுக்குழாய் வீக்கம் அடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். மாதக்கணக்கில் பெரிய அளவில் எடுப்பவர்களுக்குத் தொற்று அபாயம் கூடும். ஐந்து நாள் கோர்ஸுக்கு இப்படிப் படுத்துக்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. கவுன்ட்டைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நடுவில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கடைசிபெஞ்ச்

நல்ல விளக்கம். ஆனால் நுண்ணோக்கி சார் ஓர் இடத்தில் வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டார். ஓரங்கட்டி நிற்கும் நியூட்ரோஃபில்கள் எல்லாம் நுண்சிரையில் செலெக்டினைப் பிடித்து உருண்டுகொண்டிருப்பவை போலப் படிப்பவருக்குத் தோன்றும். அவற்றில் பெரும்பகுதி நுரையீரல், மண்ணீரல், கல்லீரல், மஜ்ஜை இங்கெல்லாம் தங்கியிருக்கிறது. நுரையீரல் தந்துகிகள் பல நியூட்ரோஃபிலைவிடக் குறுகலானவை. உடம்பை நீட்டிச் சுருக்கி நுழையவே நேரமாகும், அதனாலேயே அங்கே தேங்கும். அதற்கு செலெக்டின் வேண்டியதில்லை.

இன்னொன்று. ஒட்டுவதுதான் வீக்கத்துக்கு வழி என்றால், ஒட்டுவதைத் தடுத்தால் பாதி வியாதி தீர்ந்துவிடுமே என்று நான் படிக்கும் காலத்தில் எல்லோரும் துள்ளினார்கள். பக்கவாதத்தில் ஐகேம்-1-ஐத் தடுக்கும் எதிர்ப்புரதத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-இல் முடிவு வந்தபோது மருந்து கொடுத்தவர்களின் நிலைமைதான் மோசமாக இருந்தது. நடாலிசுமாப் கதை வேறு மாதிரி. நரம்புறை சிதையும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸுக்காக லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு வகையின் ஆல்ஃபா-4 இன்டெக்ரினைப் பிடித்து மூளைக்குள் போகாமல் தடுக்கும் மருந்து. 2004-இல் அனுமதி, நன்றாக வேலையும் செய்தது. ஆனால் மூளைக்குக் காவலே போகாததால் அங்கே சும்மா கிடந்த ஜே.சி. வைரஸ் சிலருக்குக் கிளம்பிவிட்டது. 2005-இல் நிறுத்தி, 2006-இல் கடும் கண்காணிப்போடு திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நுண்ணோக்கி

நுரையீரல் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். எனக்குக் கண்ணால் பார்த்த குழாய்தான் எப்போதும் முன்னால் வந்து நிற்கிறது, தொழில் வியாதி. “எந்தச் சுவர்?” என்ற வேனிலின் கேள்விக்கு நேர்மையான பதில்: பாதிக் கதை நுண்சிரைச் சுவர், மீதிக் கதை நுரையீரல் முதலான இடங்களின் சந்துபொந்துகள்.

நடாலிசுமாப் சொன்னதால் அதன் தம்பியையும் சொல்லிவிடுகிறேன், இடத்துக்கு இடம் முகவரி மாறுவது அதில்தான் தெளிவாகத் தெரியும். குடலின் நுண்சிரைகளில் மேட்கேம்-1 என்ற தனி விலாசப்பலகை இருக்கிறது. அதைப் படிக்கும் கை ஆல்ஃபா-4 பீட்டா-7 இன்டெக்ரின். 2014-இல் வந்த வெடோலிசுமாப் அந்தச் சோடியை மட்டும் மறிக்கிறது. குடல் அழற்சிக்குப் போகும் லிம்ஃபோசைட்டுகள் வாசலில் நிற்கும், மூளைப் பக்கம் போகிறவை வழக்கம்போலப் போகும். கோன்ஹைமின் தவளையிலிருந்து இதுவரைக்கும் ஏறக்குறைய 150 வருடம்.

வேனில்

தகவல் சொல்ல வந்தேன். மாத்திரை முடிந்து இரண்டு வாரம் கழித்து, டாக்டர் சொன்னபடி மறுபடி பார்த்தோம். டோட்டல் கவுன்ட் 8,900, நியூட்ரோஃபில் 61, இயோசினோஃபில் 6. அம்புக்குறி இயோசினோஃபில் பக்கம் போய்விட்டது, இப்போது அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்கிறார். இந்த முறை “எல்லாம் திரும்பச் சுவருக்குப் போய்விட்டதா டாக்டர்?” என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இரவுப்பணி

ஆஸ்துமாவுக்கு இயோசினோஃபில் 6 வழக்கமானதுதான், திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். ரத்தம் கொடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தீர்களா?

வேனில்

இல்லை. லிஃப்ட் ஓடவில்லை, மூன்று மாடி ஏறிப் போய் மூச்சு வாங்க நேராக நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

இரவுப்பணி

அப்படியென்றால் அந்த 8,900-இலும் கொஞ்சம் படிக்கட்டுக் கணக்கு இருக்கும்.